முதுமாணி ஆய்வேட்டை எங்கே வெளியிடலாம்? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ நாவல திறந்த பல்கலைக்கழகத்திலோ சமூகவியல், வரலாறு, அரசியல் விஞ்ஞானம், கல்வியியல் என்று ஏதாவது ஒரு துறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று, வாய்மொழிப் பரீட்சையும் முடிந்தது. கெட்டி அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த பிரதிகளில் ஒன்று நூலகத்துக்கு, ஒன்று மேற்பார்வையாளருக்கு, ஒன்று வீட்டு அலுமாரிக்கு. இனி என்ன செய்வது என்று என்னிடம் கேட்டு வருபவர்கள் பலர். ஆய்வேடுகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி என்னைச் சுற்றியே இருக்கிறது.

கேட்பவர் முன்னால் நாலு வழி இருக்கும். ஆங்கில ஆய்விதழ், தமிழ் ஆய்விதழ், ஞாயிறு பத்திரிகை, நூல். ஐந்தாவது ஒன்று தானாகவே மின்னஞ்சலில் வந்து நிற்கும்: பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்பார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது உயர்ந்தது என்று மண்டையைப் போட்டு உடைப்பதைவிட, எது முதலில் என்று யோசியுங்கள். சில கதவுகள் இன்னொன்றைத் திறந்ததும் மூடிக்கொள்ளும். நூலாக வெளிவந்துவிட்ட அத்தியாயத்தை ஆய்விதழ் அநேகமாக ஏற்காது. ஆய்விதழில் வந்த கட்டுரையைப் பின்னால் நூலில் சேர்க்கலாம், அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மாநாட்டு மலரில் முழுக் கட்டுரையும் அச்சாகிவிட்டால் சில ஆய்விதழ்கள் அதையும் முன்வெளியீடு என்று சொல்லித் திருப்பிவிடும். ஆய்வுச் சுருக்கம் மட்டும் வந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே மாநாட்டுக்குப் போகிறவர்கள் முழுக் கட்டுரையைக் கொடுக்க வேண்டுமா, சுருக்கம் போதுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனை ஆய்வேட்டை வைத்துக்கொள்வோம். புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெரு, கெய்சர் வீதிப் பக்கத்துத் துணிக்கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களைப் பற்றியது. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து, கடைக்கு மேல் மாடியிலோ கொட்டாஞ்சேனை அறைகளிலோ தங்கியிருப்பவர்கள். எழுதியவர் அவர்களில் இருபத்தைந்து பேரை நேர்காணல் செய்திருக்கிறார். நாற்பதாயிரம் சொல். தமிழில் எழுதியது.

ஆங்கில ஆய்விதழ்

வெளிநாடு என்று உடனே ஓடவேண்டாம். மெய்ட்லண்ட் பிளேசில் இருக்கும் தேசிய விஞ்ஞான மன்றம் இலங்கைச் சமூக விஞ்ஞான ஆய்விதழ் ஒன்றை வெளியிடுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த ஆய்விதழ் உண்டு. 1845 இல் தொடங்கிய அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைக்கும் ஓர் இதழ் இருக்கிறது, வரலாறு, தொல்லியல், மொழி சார்ந்தவர்களுக்குப் பொருத்தமானது. உள்ளூர் ஆய்விதழ்கள் பலவற்றை ஒரே இடத்தில் இலவசமாக வாசிக்கத் தரும் இணையத்தளம் 2008 இலிருந்து இயங்குகிறது. அதில் உள்ள இதழ்களில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் பணம் கேட்பதில்லை, வாசிப்பவரிடமும் கேட்பதில்லை. எங்கள் நிலைமையில் இது சின்ன விஷயமில்லை. பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களின் இதழில் கட்டுரையைத் திறந்த வாசிப்புக்கு வைக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டொலர் கேட்பார்கள். சந்தா வழியில் வெளியிட்டால் எழுதுபவருக்குச் செலவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒருவர் அதைத் திறந்து பார்க்க முடியாது.

அயல்நாட்டில் மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, 1957 இல் தொடங்கிய கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி போன்றவை இலங்கை பற்றிய கட்டுரைகளையும் எடுத்து வந்திருக்கின்றன. கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேடுபவருக்கு இப்படியான ஓர் இதழில் ஒரு கட்டுரை இருந்தால் கை கொடுக்கும். ஆனால் திருப்பி அனுப்பப்படுவதும் அங்கேதான் அதிகம். நாலைந்து மாதம் காத்திருந்து இல்லை என்ற பதில் வாங்க மனம் தயாராக இருக்கவேண்டும். மீளாய்வாளரின், அதாவது கட்டுரையை மதிப்பிட இதழ் கேட்டுக்கொள்ளும் துறை அறிஞரின், குறிப்புகள் நல்லவையாக இருந்தால் அந்தக் காத்திருப்பும் வீண்போகாது. அவற்றைக் கொண்டு திருத்தி உள்ளூர் இதழுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது.

வேலை எவ்வளவு என்பதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நாற்பதாயிரம் சொல் ஏழாயிரம், எட்டாயிரம் சொல்லாக வேண்டும். எல்லா அத்தியாயத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் வருவது நீண்ட ஆய்வுச் சுருக்கம்தான். இலக்கிய மீளாய்வு அத்தியாயம் இரண்டு பந்தியாகச் சுருங்கும். முறையியல் ஒரு பந்தி போதும். கண்டுபிடிப்புகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதை மட்டும் கடைசிவரை பேச வேண்டும். நமது கற்பனை ஆய்வேட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது ஊர்க்காரர் மூலமாக. மாமா முறையான ஒருவர் முதலாளியிடம் சொல்லி விடுகிறார். அந்தத் தொடர்புதான் வேலையைத் தருகிறது, சம்பளம் கூட்டிக் கேட்க விடாமல் வாயைக் கட்டுவதும் அதுதான். கேட்டால் மாமாவுக்கு மரியாதை போய்விடும். இது ஒரு கட்டுரை. தங்குமிடம், சுகாதாரம், கல்வி இடைவிலகல் எல்லாம் வேறு வேறு கட்டுரைகள், அல்லது கட்டுரையே ஆகாதவை.

ஆய்வேட்டின் முதல் வரி "உலகமயமாக்கலின் தாக்கத்தினால் வளர்முக நாடுகளில் நகர்ப்புற இடம்பெயர்வானது பாரிய அளவில் இடம்பெற்று வருகின்றமை குறிப்பிடத்தக்கதாகும்" என்று இருக்கும். எத்தனையோ ஆய்வேடுகளில் இதே வரியைப் பார்த்திருக்கிறேன், தலைப்பு மட்டும் மாறும். பரீட்சகருக்காக எழுதிய வரி அது. ஆய்விதழுக்கு எழுதும்போது மாமாவில் தொடங்கலாம். முதல் பந்தியில் ஒரு நேர்காணல், இரண்டாவது பந்தியில் கேள்வி, மூன்றாவதில் இந்தக் கேள்விக்கு இதுவரை மற்றவர்கள் சொன்ன பதில். ஆசிரியர் மேசையிலேயே திரும்பிவிடும் கட்டுரைகளில் பல, கேள்வி ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்திருப்பதால்தான் திரும்புகின்றன.

இரு பக்கமும் பெயர் மறைத்த மீளாய்வு என்றால் உங்கள் பெயரை மட்டும் நீக்கினால் போதாது. நன்றியுரை, "எனது முதுமாணி ஆய்வேட்டில்" என்ற அடிக்குறிப்பு, கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர், மூன்றும் போகவேண்டும். திருத்தம் கேட்டு வந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியே பதில் எழுதி அனுப்புங்கள். ஏற்காத குறிப்புக்கும் ஏன் ஏற்கவில்லை என்று மரியாதையாகக் காரணம் சொல்லலாம். திருத்தம் கேட்டு வந்த கடிதத்தைப் பார்த்து மனம் உடைந்து, அப்படியே வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது நல்ல செய்தி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலம் வசப்படாதவருக்கு இந்த வழி கடினம்தான். மொழியைத் திருத்த ஒருவரின் உதவியைப் பெறலாம், நன்றியுரையில் குறிப்பிடலாம். எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள்.

இடையில் இன்னொரு வழியும் உண்டு. சுலைமான் டெரஸில் இருக்கும் சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1977 இலிருந்து இயங்குகிறது. அவர்கள் வெளியிடும் பொலிட்டி சஞ்சிகையில் ஆய்விதழைவிடக் குறுகிய, கோட்பாட்டுச் சுமை குறைந்த ஆங்கிலக் கட்டுரைகள் வருகின்றன. கொழும்பில் தொழிலாளர் உரிமை, பெண்ணுரிமை, சிறுபான்மையினர் பற்றிச் சிந்திப்பவர்கள் அதை வாசிக்கிறார்கள். பல்கலைக்கழகப் பதவிக்கான புள்ளிக் கணக்குக்கு உதவாவிட்டாலும் உங்கள் கருத்தோடு வாதிடக்கூடியவர்கள் கண்ணில் படும்.

தமிழ் ஆய்விதழ்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் சிந்தனை, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் களம் ஆகியவற்றில் தமிழில் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் கொழும்பிலிருந்து வெளியிட்ட நிவேதினி, பால்நிலை பற்றிய எழுத்துக்குத் தமிழில் ஒரு தளத்தை உருவாக்கியது. தமிழில் ஆய்வேடு எழுதியவருக்கு இயல்பான இடம் இப்படியான இதழ்கள்தான். சொல்ல வந்ததை நேர்காணல் கொடுத்தவரின் பேச்சோடு சேர்த்தே சொல்ல முடிகிறது. மீளாய்வு செய்பவரும் அந்தப் பேச்சை நேரடியாகவே வாசிக்கிறார்.

ஆனால் தமிழ் ஆய்விதழுக்கு எழுதுவது இளக்காரம் என்ற எண்ணம் எங்கள் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. ஆங்கிலத்துக்குப் போக முடியாததைத் தமிழில் போடுவது, பதவி உயர்வுக்குக் கணக்குக் காட்டுவது என்று ஆகிவிட்டது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. பேராசிரியர் க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தவர். பேர்மிங்ஹாமில் அவர் செய்த கலாநிதி ஆய்வை 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. அதே கையால் தமிழில் ஆய்வு நூல்களும் எழுதினார். தனிநாயகம் அடிகள் 1952 இல் தமிழியலுக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் இதழைத் தொடங்கினார், தமிழில் எழுதுவதையும் விடவில்லை. இவர்கள் ஒன்றை மற்றதற்குக் கீழே வைக்கவில்லை. தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கிலக் கட்டுரைக்குக் கொடுக்கும் அதே உழைப்பைக் கொடுத்தார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தமிழ் ஆய்விதழில் வந்த கட்டுரையின் முதல் எதிரி எழுத்துரு. இலங்கையில் இன்னமும் ஏராளமான ஆய்வேடுகள் பாமினியில் தட்டச்சாகின்றன. அச்சில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கணினிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் இருக்கும் பி.டி.எவ். கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஒரு சொல்லும் தமிழாக வராது. கூகிள் தேடலுக்கும் அது தென்படாது. உங்கள் தலைப்பிலேயே ஆய்வு செய்யும் இன்னொரு மாணவி மட்டக்களப்பிலிருந்து தேடினால் உங்கள் கட்டுரை இல்லாதது போலத்தான்.

ஆகவே அனுப்பும் முன் யுனிகோடுக்கு, அதாவது கணினி தமிழாகவே அறிந்துகொள்ளும் குறியீட்டு முறைக்கு, மாற்றுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கட்டுரை முழுவதையும் ஒரேயடியாகப் போட்டு மாற்றினால் உசாத்துணைப் பட்டியலில் இருக்கும் ஆங்கில நூற்பெயர்களும் தமிழெழுத்துக் குழப்பமாகிவிடும். தமிழ்ப் பகுதியையும் ஆங்கிலப் பகுதியையும் பிரித்து, தமிழை மட்டும் மாற்றி, பிறகு சேர்க்க வேண்டும். அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் கையால் சரிபார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளைச் செலவழிக்காததால் கண்ணில் படாமல் கிடக்கும் நல்ல தமிழ் ஆய்வுகள் எத்தனையோ.

இதோடு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமும் சேர்த்து அனுப்புங்கள், இதழ் கேட்காவிட்டாலும். தமிழ் தெரியாத ஒருவர் உங்களைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் எழுதுவதற்கு அந்த இருநூறு சொல் போதும்.

ஞாயிறு பத்திரிகை

1930 இல் தொடங்கிய, கிராண்ட்பாஸ் வீதியோடு பெயர் சேர்ந்திருக்கும் வீரகேசரி, 1932 இல் தொடங்கிய தினகரன், 1997 இல் வந்த தினக்குரல் என்று கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு இதழ்களில் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் நல்ல கட்டுரை ஒன்று கொடுத்தால் இடம் கிடைக்கும். பல்கலைக்கழக நேர்முகத் தேர்வில் இதற்குப் பெரிய மதிப்பு இராது. வாசகர் எண்ணிக்கையில் மற்ற மூன்று வழியும் இதன் பக்கத்திலும் வராது.

பத்திரிகைக்கு எழுதும்போது எது முக்கியம் என்ற கணக்கே மாறிவிடுகிறது. நமது ஆய்வேட்டில், 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் முறையியல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பந்தியில் வந்து போகும். ஆங்கிலக் கட்டுரையில் அது ஓர் அடிக்குறிப்பு. ஞாயிறு கட்டுரையில் அதுதான் தலைப்பு. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழமையான வேலை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம் முதலாளி கட்டவேண்டும். மூன்றாம் குறுக்குத் தெருவில் காலை எட்டரைக்குக் கதவு திறந்து இரவு எட்டுக்குத் துணி மடித்து முடிக்கும் பையனுக்கு இதை யாராவது தமிழில் சொல்லியிருக்கிறார்களா? உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பேசியவன் அவன். மேலே சொன்ன மாமா கதையைவிட இந்த நாலு இலக்கங்கள் அவனுக்கு உடனே உதவும்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது, எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். ஆய்வேட்டில் பெயரை மாற்றியிருப்பீர்கள். "கண்ணன், 22 வயது, பதுளை, மூன்று வருடமாக மொத்தத் துணிக்கடையில், தங்கை தாதிப் பயிற்சியில்." ஆங்கில ஆய்விதழில் இந்த விவரம் யாரையும் காட்டிக்கொடுக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தத் தெருவில் யாரும் அதை வாசிக்கப் போவதில்லை. அதே நாலு விவரம் ஞாயிறு பத்திரிகையில் வந்தால் முதலாளி தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு ஆய்வேட்டுக்குக் கொடுத்த அனுமதி, பத்திரிகைக் கட்டுரையை மனதில் வைத்துக் கொடுத்ததல்ல. பத்திரிகைக்கு எழுதும்போது ஊரை மாற்றுங்கள், தங்கையை எடுத்துவிடுங்கள், இரண்டு பேரின் கதையை ஒன்றாக்கினால் அப்படிச் செய்திருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். முடிந்தால் அவனிடமே வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் அந்தக் கதை வேண்டாம், சட்டமும் இலக்கங்களும் போதும்.

பத்திரிகையில் புதிதாக எழுதிய கட்டுரை வந்திருப்பதைப் பெரும்பாலான ஆய்விதழ்கள் தடையாகக் கொள்வதில்லை. ஆய்வேட்டுப் பந்திகளை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால்தான் சிக்கல்.

நூல்

நூல் என்றதும் எல்லோருக்கும் முகம் மலரும். அப்பா, அம்மா மேடைக்கு வருவார்கள், படித்த பாடசாலை அதிபர் வருவார். வெள்ளவத்தையில் 1942 இலிருந்து இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் மங்கல விளக்கேற்றல், முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் நடக்கும். அந்தச் சிறப்புப் பிரதிகள்தான் அச்சுக்கூலியின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். இங்கே தமிழ் ஆய்வு நூல்கள் முந்நூறு, ஐந்நூறு பிரதி என்ற அளவில்தான் அச்சாகின்றன, செலவைப் பெரும்பாலும் எழுதியவரே ஏற்கிறார். 2022 இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப் போடப்பட்டன. அதன் பிறகு அச்சுச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

விழா முடிந்து மீதிப் பிரதிகள் பெட்டியோடு வீட்டுக்கு வரும். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் கொடுக்கலாம். குமரன் புத்தக இல்லம், சேமமடு போன்ற பதிப்பாளர்கள் எடுத்துக்கொண்டால் விநியோகம் ஓரளவு நடக்கும். ஆனால் பதிப்பாளர் ஆய்வேட்டை அப்படியே அச்சடிக்கச் சம்மதித்தால் நீங்கள் சம்மதிக்காதீர்கள். முறையியல் அத்தியாயத்தோடும் கருதுகோள் பட்டியலோடும் வரும் நூலை யாரும் காசு கொடுத்து வாங்கி வாசிப்பதில்லை. திரும்ப எழுத ஒரு வருடம் வேண்டும்.

நூலுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மதிக்கிறேன். சுதந்திர சதுக்கத்துப் பக்கத்தில் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள இலக்கம் எடுத்து, முறையாக அச்சாகும் நூலின் பிரதிகள் சட்டப்படி அரச சேகரிப்புக்குப் போகவேண்டும். 1885 ஆம் ஆண்டு அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது. கொழும்பு நூதனசாலை நூலகத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய தமிழ்ப் பிரசுரங்களை இன்று நாம் புரட்டிப் பார்க்க முடிவதற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம். ஆய்விதழ் இணையத்தளங்கள் காணாமல் போகலாம், அச்சுநூல் அரச அலமாரியில் இருக்கும்.

இன்னொரு வழியையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்னூலாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்கு உங்கள் ஆய்வேட்டையோ நூலையோ அனுமதிக் கடிதத்தோடு கொடுக்கலாம். கொழும்பிலிருந்து டொரன்டோவரை யாரும் இலவசமாக வாசிப்பார்கள். நூல் விற்காமல் போய்விடுமே என்று பயப்படுபவர்கள் முதலில் அச்சுப் பிரதியை விற்றுவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கொடுக்கட்டும். நேர்காணல் கொடுத்தவர்களின் அடையாளம் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும், ஆய்வேட்டை முழுதாகத் திறந்து வைக்கும்முன் இணைப்புகளை ஒருதடவை பாருங்கள்.

பணம் கட்டும் இதழ்கள்

"மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று மாணவருக்கு மின்னஞ்சல் வரும். மூன்று நாளில் ஏற்பு, ஐம்பது நூறு டொலர் கட்டணம், ஏதோ ஓர் எண்ணில் தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு). இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள இலக்கம் இருப்பதோ கட்டுரைக்கு டி.ஓ.ஐ. என்ற இணைய அடையாள எண் இருப்பதோ தரத்துக்குச் சான்றல்ல, இரண்டையும் யாரும் பெறலாம். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். அந்த இதழின் பழைய கட்டுரைகள் இரண்டை வாசியுங்கள். சமூகவியலும் பல் மருத்துவமும் ஒரே இதழில் இருந்தால் மூடிவிடுங்கள். இப்படி ஒன்றில் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறிடத்துக்கு அனுப்புவது அநேகமாக முடியாத காரியம். உங்கள் சிறந்த அத்தியாயம் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

யாருக்கு எந்த வரிசை

விரிவுரையாளர் பதவியையோ கலாநிதிப் பட்டத்தையோ நோக்கிப் போகிறவர் முதலில் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் உள்ளூர் ஆய்விதழுக்கு அனுப்பட்டும். பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இன்னொரு அத்தியாயத்தைத் தமிழ் ஆய்விதழுக்கு எழுதலாம். மொழிபெயர்ப்பாக வேண்டாம், வேறு கேள்வியோடு. நூலைக் கலாநிதி ஆய்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். அப்போது வரும் நூல் இதைவிட நன்றாகவும் இருக்கும்.

ஆசிரியராகவோ அரச அலுவலராகவோ இருந்துகொண்டு படித்தவருக்கு ஆங்கில ஆய்விதழின் பின்னால் ஓராண்டு அலைவது பெரும்பாலும் தேவையில்லை. தமிழ் ஆய்விதழில் ஒன்று, ஞாயிறு பத்திரிகையில் ஒன்றிரண்டு. ஆர்வம் குறையாவிட்டால் மூன்றாம் ஆண்டில் நூல். ஒரு மாவட்டத்துப் பாடசாலைகளைப் பற்றி அந்த மாவட்டத்து ஆசிரியர் எழுதும் நூலுக்கு வாசகர் உண்டு.

படிப்போடு ஆய்வை விட்டுவிட்டு வங்கிக்கோ தனியார் நிறுவனத்துக்கோ போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: வேலையில் சேரும்முன் அந்த ஒரு ஞாயிறு கட்டுரையை எழுதிவிடுங்கள். ஆய்வேட்டை யுனிகோடுக்கு மாற்றி, அடையாளங்களைச் சரிபார்த்து, நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்த வழியானாலும் அனுப்பும்முன் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். கட்டுரையில் அவர் பெயரும் வரவேண்டுமா என்பதை அந்தப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மேற்பார்வை செய்தார் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பதில்லை, அதற்கு நன்றியுரை இருக்கிறது. தரவை ஆராய்வதிலோ எழுதுவதிலோ அவர் பங்கு உண்மையாகவே பெரிதாக இருந்தால் சேர்க்கத்தான் வேண்டும். பேசி முடிந்ததைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் எழுதி அவருக்கும் அனுப்பி வையுங்கள்.